கருணாபுரத்திற்கும் அவர் பிறந்தார்



மார்கழிப் பனியில், குடில் அமைக்க வைக்கோல் தேடி நம் பிள்ளைகள் ஓடித் திரியும் நாட்கள் இவை. இம்மகிழ்ச்சியின் நடுவே, சங்கராபுரத்திற்கு அண்மையிலுள்ள ஓரிடத்தை உங்களுக்கு நினைவூட்ட விழைகிறேன். அது கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரம்.

2024 ஜூன் திங்களில், மெத்தனால் என்னும் நஞ்சு கலந்த சாராயம் அங்கும் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்டது. மாண்டோருள் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்கள். பெண்களும் இறந்தனர். தாய் தந்தை இருவரையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் உண்டு.

“குடித்தார்கள், மாண்டார்கள், இதற்கு அழுவானேன்?” என்று நம்மிற் சிலர் கூறக் கேட்டேன். என் உள்ளத்திலும் அவ்வெண்ணம் ஒரு கணம் எழுந்ததை மறைக்க மாட்டேன். பின்னர் வெட்கினேன்.

அங்கே பாவம் இல்லையென்று நான் சொல்லவில்லை. இலாபத்திற்காக நஞ்சு விற்றவனின் பாவம் உண்டு. குடும்பத்தின் சோற்றுக் காசைக் குடித்தவனின் பாவமும் உண்டு. கண்டும் காணாதிருந்தோரின் பாவமும் உண்டு. ஆயினும் கிறிஸ்து பிறப்பின் திருவிழிப்புத் திருப்பலியில் திருச்சபை எதை வாசிக்கத் தருகிறது? ஆண்டவரின் தலைமுறை அட்டவணையை! எரிகோவின் விலைமாது இராகாபு அதில் இருக்கிறாள். உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவனைக் கொல்வித்த தாவீதும் இருக்கிறான். இத்தகைய குலத்தில் பிறக்க இறைமகன் நாணவில்லை. பாவத்தினின்று மீட்கவே வந்தவர், பாவிகளின் வீட்டை விலக்கி நடப்பாரோ?

பெருவிழா முடிந்து மூன்றாம் நாள், டிசம்பர் 28-இல், ஏரோதனால் கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளை நினைவுகூருகிறோம். தீவனத் தொட்டியின் அருகிலேயே தாய்மாரின் அழுகுரலுக்கும் திருச்சபை இடமளித்திருக்கிறது. “எல்லாம் சரியாகிவிடும்” என்று முதுகைத் தட்டுவது கிறிஸ்தவ நம்பிக்கையன்று. மாண்ட தகப்பன் இந்த மார்கழியில் வீடு திரும்பப் போவதில்லை. ஆனால் அவனது இறுதி மூச்சில் கடவுளின் இரக்கம் எவ்வளவு நெருங்கி நின்றது என்பதை அளக்க நம்மால் ஆகுமோ? சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு, கடைசி நாழிகையிலன்றோ வான்வீடு திறந்தது!

ஆதலின், இவ்வாண்டு பாவசங்கீர்த்தனத் தொட்டியை நாடாமல் குடிலை நாடாதீர்கள். திருவிழா என்று சொல்லி நம் வீடுகளிலும் மதுக்குப்பி திறக்கப்படுவதை நான் அறிவேன். அன்றிரவு அது திறக்கப்படாதிருக்கட்டும். அதற்கென ஒதுக்கிய பணத்தில், குடியால் தந்தையை இழந்த ஒரு பிள்ளைக்குப் புத்தாடை வாங்குங்கள். அதை ஆள் மூலம் அனுப்பாதீர்கள். நீங்களே சென்று, அவ்வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் அமர்ந்து வாருங்கள்.

கருணாபுரம் என்ற பெயரிலேயே கருணை இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகளுக்கும் பாலன் இயேசு பிறந்தார் என்பதை, நம் கால்கள் நடந்து சென்று அறிவிக்கட்டும்.