கொதிப்பும் அழுத்தமும்: கீரை செய்யும் பணி

மொழியியல் பயின்றவர் கீரையையும் குருதியையும் பற்றிப் பேச வருவது முறையா என்று அவையினர் சிலர் எண்ணக்கூடும். ஒரு சொல்லை முன்னிட்டே நாம் இப்பொருளைத் தேர்ந்தோம். அச்சொல் 'இரத்தக் கொதிப்பு'.

நம் நாட்டுத் தமிழர் இந்நோயைப் பல பெயர்களால் சுட்டுகின்றனர். மருந்தகத்தில் அது 'பிரஷர்'. மலாய் அண்டைவீட்டாரிடம் 'டாரா திங்கி'. பாடநூலில் 'உயர் இரத்த அழுத்தம்'. வீட்டு முதியோர் நாவிலோ 'கொதிப்பு'. முதல் மூன்றும் ஏறத்தாழ உண்மையைச் சொல்கின்றன. நான்காவது ஏமாற்றுகிறது. கொதிப்பது எதுவாயினும் நமக்குத் தெரிந்துவிடும். உலை ஒலிக்கும், காய்ச்சல் சுடும். இந்நோயோ பெரும்பாலோரிடம் எவ்வறிகுறியும் காட்டுவதில்லை. நம் தமையனார் தமக்கு உடற்சூடும் இல்லை, சினமும் இல்லை, ஆகவே கொதிப்பும் இல்லை என்று முடிவு செய்து மாத்திரையை நிறுத்தினார். கீரை உண்டால் போதும் என்று யாரோ கூறியதையும் நம்பினார். ஆறாம் மாதம் பக்கவாதம் வந்தது. முப்பதாண்டு கரும்பலகையில் எழுதிய வலக்கை செயலற்றுப் போயிற்று. கீரை உண்மையில் என்ன செய்யும், எவ்வளவு செய்யும் என்பதை அதன்பின்னரே நாம் தேடிப் படித்தோம்.

ஓடும் குருதி குழாய்ச் சுவரின்மேல் தரும் உந்துதலே அழுத்தம். குருதியின் அளவு கூடினாலும் அது உயரும்; குழாய் குறுகினாலும் உயரும். உப்பிலுள்ள சோடியம் உடலில் மிகும்போது நீரும் உடன் தங்கிக் குருதியின் அளவைக் கூட்டுகிறது. இதற்கு எதிராக நின்று பணிபுரிவது பொட்டாசியம்.

இப்பெயரின் வரலாற்றை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. மரஞ்செடிகளை எரித்த சாம்பலை நீரில் கரைத்து, அந்நீரைச் சட்டியிலிட்டு வற்றக் காய்ச்சி எடுத்த உப்பை ஐரோப்பியர் 'சட்டிச் சாம்பல்' என்னும் பொருளில் 'பாட்டாஷ்' என்றனர். 1807ஆம் ஆண்டில் ஹம்ஃப்ரி டேவி அதிலிருந்து மின்னாற்றலால் ஒரு தனிமத்தைப் பிரித்தெடுத்து, அப்பெயரையொட்டியே பொட்டாசியம் என்றார். வேதியியலில் அதற்கு வழங்கும் 'கே' என்னும் குறியீடு 'காலியம்' என்பதன் முதலெழுத்து; அதுவும் செடிச்சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லின் வழிவந்ததே. இரு பெயர்களும் ஒரே செய்தியைச் சொல்கின்றன: செடி எரிந்தபின்னும் எஞ்சுமளவுக்கு அதனுள் இப்பொருள் நிறைந்திருக்கிறது. கீரை, காய், பயறு, கிழங்கு ஆகியவற்றில் அதனைத் தேடுவதன் காரணம் பெயரிலேயே உள்ளது.

உணவில் பொட்டாசியம் மிகும்போது சிறுநீரகம் சோடியத்தைக் கூடுதலாக வெளியேற்றுகிறது. குழாய்ச் சுவரின் தசையும் தளர்கிறது. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் பொட்டாசியம் பெறவேண்டும், உப்பு 5 கிராமுக்குள் நிற்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் தட்டில் நிலைமை பெரும்பாலும் தலைகீழ். சங்க நூல்கள் வள்ளை என்று சுட்டும் கொடியைத்தான் நாம் இங்குக் கங்கோங் என்று வாங்குகிறோம். வாங்கியபின் அதில் பெலாச்சானையும் சோயாச் சாற்றையும் தாராளமாகச் சேர்த்து, கீரை தந்ததை உப்பால் ஈடுகட்டி விடுகிறோம்.

பீட்ரூட்டிலும் பல கீரைகளிலும் நைட்ரேட்டும் உண்டு. நாவின்மேல் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்ற, உடல் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்னும் வளியை ஆக்கிக் குருதிக்குழாயை விரிக்கிறது. இவ்வளி உடலில் செய்தி கடத்துவதைக் கண்டறிந்தமைக்கே 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவர் நோபல் பரிசு பெற்றனர். கிருமி கொல்லும் கொப்பளிப்பு நீரை அடிக்கடி பயன்படுத்தினால் இம்மாற்றம் குன்றும். நாவை ஒலியுறுப்பாக மட்டுமே காலமெல்லாம் கற்பித்த நமக்கு இது வியப்பளித்தது.

இனி, எவ்வளவு என்னும் வினா. அமெரிக்காவில் 459 பேரை எட்டு வாரம் வகுத்த உணவில் வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 1997இல் வெளிவந்தது. உப்பின் அளவை மாற்றாமல் காய்கனிகளை மட்டும் கூட்டியபோது, வழக்கமான உணவை உண்டோரைவிட மேல் எண் சராசரியாக 2.8 அலகு கூடுதலாக இறங்கியது. காய்கனிகளோடு கொழுப்புக் குறைந்த பாற்பொருள்களையும் சேர்த்து, மொத்தக் கொழுப்பையும் குறைத்த உணவில் அவ்வேறுபாடு 5.5, உயர் அழுத்தம் உடையோரிடம் 11.4. இது சிறிய பயனன்று. ஆயினும் மேல் எண் 160ஐத் தொட்டோர் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் உடன் படிக்கவேண்டும். நம் தமையனாரின் எண் அதனினும் மிக உயர்ந்தது. அவருக்குக் கீரை மாத்திரையின் துணையாகலாம், மாற்றாகாது.

சமைக்கும் முறையும் கணக்கில் சேரும். பொட்டாசியம், நைட்ரேட் இரண்டும் நீரில் கரைவன. வேகவைத்த நீரைக் கொட்டுவோர் அவற்றில் ஒரு பகுதியையும் கொட்டுகின்றனர். சிறுநீரகம் தளர்ந்தோர்க்கோ அதுவே வேண்டப்படும். அவர்கள் உடலில் பொட்டாசியம் தேங்கி இதயத்துடிப்பைக் குலைக்கும். அழுத்தத்திற்கெனத் தரும் சில மாத்திரைகளும் அதனைத் தேக்குவன. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்புகள் பலவற்றில் இருப்பது பொட்டாசியமே. ஆகவே அத்தகையோர் மருத்துவரைக் கேளாமல் அவற்றை வாங்கலாகாது.

தமையனாரின் சிறுநீரகமும் இப்போது தளர்ந்துள்ளது. அண்ணியார் கீரையை வேகவைத்து, நீரை வடித்தே அவருக்குப் படைக்கிறார். காலையில் தவறாமல் மாத்திரை விழுங்குகிறார். என்ன மாத்திரை என்று கேட்டால், நாம் எத்தனை முறை திருத்தியும், 'கொதிப்பு மாத்திரை' என்றே இன்றும் சொல்கிறார்.