தொட்டி நிரம்பியது, அலாரம் அடிக்கவில்லை

2005 டிசம்பர் 14, விடிகாலை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள டாம் சாக் நீரேற்று மின் நிலையத்தில், மலை உச்சியில் இருக்கும் நீர்த்தேக்கத்துக்குப் பம்புகள் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருந்தன. உபரி நீர் வெளியேற அந்தத் தேக்கத்தில் வழியே கிடையாது. நிரம்பியதும் பம்பை நிறுத்துவது முழுக்க முழுக்கக் கருவிகளின் பொறுப்பு. அன்றைக்கு அவை உரிய நேரத்தில் நிறுத்தவில்லை. சுவர் தாண்டி வழிந்த நீர் கரையை அரித்தது, கரை உடைந்தது. அரை மணி நேரத்துக்குள் 100 கோடி காலனுக்கும் மேலான தண்ணீர் மலைச்சரிவில் பாய்ந்தது. அடிவாரப் பூங்காவின் கண்காணிப்பாளர் வீடு அதோடு போயிற்று. அவரும் மனைவியும் மூன்று குழந்தைகளும் பிழைத்தது அதிர்ஷ்டம். குளிர்காலம் என்பதால் பூங்காவில் கூட்டம் இல்லை.

காரணம் என்ன? நீர்மட்டத்தை அளக்கும் சென்சார்கள் இருந்த குழாய்கள் பிடிமானம் விட்டு வளைந்திருந்தன. அதனால் உண்மையான மட்டத்தைவிடக் குறைவாகவே கணக்குக் காட்டின. ஒரு கருவி பொய் சொல்லும் என்பது தெரிந்த விஷயம். அதற்காகத்தான் உச்சியில் தனியாக இரண்டு புரோப்கள். தண்ணீர் பட்டால் ரிலே இயங்கி பம்ப் டிரிப் ஆக வேண்டும். ஆனால் சுவரின் மிகத் தாழ்வான இடத்தைவிட உயரத்தில் அவற்றை வைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு, இரண்டும் நனைந்தால்தான் டிரிப் என்று லாஜிக்கையும் மாற்றியிருந்தார்கள். காவல் இருந்தது, செட்டிங் அதைச் செயலற்றதாக்கிவிட்டது.

என் கவலை இங்கேதான். கருவி வாங்கும்போது பத்துப் பேர் கூடிப் பேசுகிறோம். ரேடாரா, அல்ட்ராசோனிக்கா என்று விவாதிக்கிறோம். ரிலே செட்டிங் மட்டும் கமிஷனிங் நாளின் கடைசி அரை மணி நேரத்தில், ஏணி மேல் நிற்கும் ஒரு டெக்னீஷியன் கையில் முடிந்துவிடுகிறது.

அவர் முடிவு செய்ய வேண்டியவை சில்லறை விஷயங்கள் அல்ல. கழிவுநீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 80 சதவீதத்தில் பம்ப் ஓட வேண்டும். அதே 80-இல் நிற்கவும் வைத்தால், அலை அடிக்கும்போதெல்லாம் ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும், கான்டாக்டர் தீய்ந்துவிடும். அதனால் 30-இல் நிறுத்துவார்கள். தெறிப்புக்கு ஏமாறாமல் இருக்க ஐந்து விநாடி டிலே கொடுப்பார்கள். எல்லாம் நியாயம்தான். ஆனால் நைட் ஷிப்டில் அலாரம் நச்சரிக்கிறது என்று யாரோ ஒருவர் அந்த ஐந்தை அறுபதாக்குவார். மறுநாள் அது யாருக்கும் தெரியாது. மெனுவுக்குள் போகும் பாஸ்வேர்டு பல கருவிகளில் கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது!

இன்னொன்று, ரிலேயின் இயல்பு நிலை. எல்லாம் நலமாக இருக்கும்போது ரிலேக்கு மின்சாரம் பாய வேண்டும். அலாரம் என்றால் அது விழ வேண்டும். அப்போதுதான் கரன்ட் போனாலும் வயர் அறுந்தாலும் மணி அடிக்கும். தலைகீழாக வயர் கொடுத்துவிட்டால், அறுந்த வயரும் நலமான தொட்டியும் கன்ட்ரோல் ரூமில் ஒரே மாதிரி மௌனமாகத்தான் இருக்கும். ரேடாரும் அல்ட்ராசோனிக்கும் எதிரொலியை வைத்துத்தான் மட்டத்தை அளக்கின்றன. அந்த எதிரொலி கிடைக்காவிட்டால் கருவி என்ன செய்ய வேண்டும் என்பதும் ஒரு செட்டிங். ‘கடைசி அளவையே காட்டு’ என்று விட்டுவிட்டால் திரையில் எண் உறைந்து நிற்கும், தொட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

உறைந்த எண் என்ன செய்யும் என்பதற்கு அதே 2005 டிசம்பரில், மூன்று நாள் முன்னதாக, இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு சாட்சி. 912-ஆம் எண் டேங்கின் அளவுமானி அதிகாலை மூன்று மணியளவில் சிக்கி நின்றது. பெட்ரோல் வந்துகொண்டே இருந்தது. தனியாக வைத்திருந்த உயர்மட்ட ஸ்விட்சும் கைகொடுக்கவில்லை. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் நிறுத்த ஒரு பூட்டு தேவை. அது மாட்டப்படவே இல்லை. காலை 6.01-க்கு வெடித்தது. 43 பேர் காயமடைந்தார்கள்.

பொய் அலாரம் ஓயாமல் அடித்தால் ஆபரேட்டர் நிஜ அலாரத்தையும் கண்டுகொள்ள மாட்டார் என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் அதற்கு மருந்து சரியான செட் பாயின்ட், அதாவது அலாரம் எந்த மட்டத்தில் அடிக்க வேண்டும் என்ற அளவு. அலாரத்தின் வாயைக் கட்டுவது அல்ல. நம் மொட்டைமாடித் தொட்டி வழிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டுச் சொல்வார். ஆசிட் டேங்குக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கிடையாது.

ஆலையில் வேலை செய்யும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ரிலேயின் செட்டிங்கையும் பதிவேட்டில் எழுதுங்கள். மாற்றுகிறவர் கையெழுத்துப் போடட்டும். செட் பாயின்ட் தொட்டியின் விளிம்புக்குக் கீழேதான் இருக்கிறதா என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். மெனுவில் டெஸ்ட் பட்டனை அழுத்துவதோடு நிற்காதீர்கள். பாதுகாப்பாகச் செய்ய முடிகிற இடத்தில் மட்டத்தை நிஜமாகவே உயர்த்தி, மணி அடித்துப் பம்ப் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படிச் சோதித்துப் பார்க்காத அலாரத்தை அலாரமாகவே கணக்கில் சேர்க்காதீர்கள்.