வீதிக்குக் குறுக்கே கிடந்த சட்டம்

டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு இரவே கிடையாது. சிவனொளிபாதமலை உச்சி வரை படிக்கட்டெல்லாம் விளக்கெரியும். நடுச்சாமத்திலும் தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். ஆனால் அதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் வழியில் ஒரு விளக்குப் போடவோ ஒரு குழியை மூடவோ பிரதேச சபையால் நெடுங்காலம் முடியவில்லை. காசில்லாத குறை மட்டுமல்ல. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட இடம் கொடுக்கவில்லை. தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டார்கள், சபைக்கு உறுப்பினர்களையும் அனுப்பினார்கள். போன உறுப்பினருக்குத் தன் லயத்து வாசலில் கொங்கிரீட் போட வழியில்லை! 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு ஒன்றேயாக இருந்த அம்பகமுவ பிரதேச சபை பிரிந்து மஸ்கெலியாவுக்கும் நோர்வூட்டுக்கும் தனிச் சபைகள் வந்ததும் அந்த ஆண்டில்தான்.

இப்படிப்பட்ட ஒரு தடையைத் தேடுவதுதான் இன்றைய முகாமைத்துவ ஆய்வில் ஒரு பெரிய துறை. இலாபக் கணக்குப் பார்க்கும் படிப்பு என்று நாம் நினைத்திருக்கும் துறை, வறுமையையும் பருவநிலை மாற்றத்தையும் 'பெருஞ்சவால்கள்' என்று பெயரிட்டு ஆராய்கிறது. ஜெரார்ட் ஜார்ஜும் மூன்று சக ஆய்வாளர்களும் 2016இல் ஒரு முன்னணி முகாமைத்துவ ஆய்விதழில் கொடுத்த வரையறை பலரும் எடுத்தாள்வது. அவர்கள் வறுமையையே சவால் என்று சொல்லவில்லை. எந்தக் குறிப்பிட்ட தடையை அகற்றினால் ஒரு முக்கிய சமூகப் பிரச்சினை தீர வழி பிறந்து, அதன் பயன் உலகளவில் பரவுமோ, அந்தத் தடைதான் சவால். இதன் வேர் கணிதத்தில் இருக்கிறது. 1900இல் டேவிட் ஹில்பர்ட் தீராத 23 கணக்குகளைப் பட்டியலிட்டு, இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்துக்கே திசை காட்டினார்.

கணக்குக்கு விடை உண்டு, தோட்டத்துக்கு? ஃபெராரோ, எட்சியன், கெமன் என்ற மூவர் 2015இல் இந்தச் சிக்கலைப் பிரித்துக் காட்டினார்கள். பெருஞ்சவாலில் ஒன்றை இழுத்தால் இன்னொன்று அசையும். நாளை என்ன நடக்கும் என்று கணிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரச்சினை எது என்பதே பார்ப்பவரைப் பொறுத்து மாறும். மூன்றாவதுதான் மலையகத்துக்கு அப்படியே பொருந்துகிறது. கம்பனியைக் கேட்டால் ஓர் ஆள் ஒரு நாளில் பறிக்கும் கொழுந்து போதவில்லை என்பார்கள். தொழிற்சங்கத்தைக் கேட்டால் சம்பளம். லயத்தில் கேட்டால் சொந்தக் காணி.

ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது. ஒரு தடை போயிற்று என்றுதான் எண்ணத் தோன்றும். ஆனால் பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டிக் கேட்கிறார்கள், குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்)தான் என்று தொழிலாளர்கள் முறையிட்டார்கள்.

ஒரு தடையை அகற்ற இன்னொன்று முளைப்பது பாகிஸ்தானின் சியால்கோட்டிலும் நடந்தது. அங்கே வீடுகளில் கால்பந்து தைப்பதில் குழந்தைகளும் இருந்தார்கள். உலகம் கொதித்தது; 1997இல் ஓர் உடன்படிக்கை வந்து, தையல் வேலை கண்காணிக்கப்படும் நிலையங்களுக்கு மாறியது. எல்லோரும் அதை வெற்றிக் கதையாகச் சொன்னார்கள். 2007இல் கான், முனீர், வில்மட் ஆகியோரின் ஆய்வு அதன் மறுபக்கத்தைக் காட்டியது: வீட்டில் இருந்து தைத்த பெண்கள் பலர் நிலையத்துக்குப் போக முடியாமல் வேலையையே இழந்தார்கள். பிரச்சினையை வரையறுத்தவர்களின் மேசையில் அந்தப் பெண்களுக்கு இடம் இருக்கவில்லை. 2016 வரையறையின் பலவீனமும் இதுதான் என்பேன். தடையை அகற்று என்கிறது. அதைச் சுட்டிக்காட்டும் விரல் யாருடையது என்று கேட்பதில்லை.

அப்படிக் கேட்ட ஆய்வு இலங்கைத் தேயிலையைப் பற்றியே இருக்கிறது என்பது வியப்பு. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் பணிபுரியும் சந்தன அலவத்தகே, தந்துரே விக்கிரமசிங்க ஆகிய கணக்கியல் ஆய்வாளர்கள், வெள்ளைத் துரைமார் காலத்திலிருந்து தோட்ட நிர்வாகம் மாறிவந்த விதத்தை 2009இல் எழுதினார்கள். மலேசியக் கிராமமொன்றில் ஏழை விவசாயிகளின் அன்றாட எதிர்ப்பை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட்டின் சிந்தனையை எடுத்துக்கொண்டு, தோட்டத்தில் கணக்குக் கேட்பது துரை மட்டுமல்ல, அடியில் இருப்பவர்களும் தங்கள் வழியில் கேட்கிறார்கள் என்று காட்டினார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசைப் பார்த்துக்கொண்டு நின்ற எந்த அக்காவுக்கும் இது புதுச் செய்தி அல்ல. ஆய்விதழுக்குத்தான் புதிது.

பிரதேச சபைச் சட்டம் திருந்திய பின் அடுத்த தடை காணி. தோட்ட நிலம் அரசுடையது. 1992இல் நிர்வாகம் தனியார் கைக்குப் போன பின் 53 ஆண்டுக் குத்தகையில் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் இருக்கிறது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீட்டுக்குப் பணம் டில்லியிலிருந்து வரலாம். வீடு நிற்க வேண்டிய துண்டுக் காணியைக் குத்தகை நிலத்திலிருந்துதான் விடுவிக்க வேண்டும்.