வீட்டுக்குள் ஒரு மினி சிறுத்தை!

"டேய், பாத்ரூம் குழாயை யாரோ திறந்து விடறாங்கடா! பேய் கீய் இருக்குமோ?"

கலிபோர்னியாவிலிருந்து நண்பன் போனில் அலறினான். அங்கே நள்ளிரவு. இங்கே நான் சாம்பார் சாதத்தின் முன்னால்.

பேயுமில்லை, பிசாசுமில்லை ஸார். ஒரு மாதம் முன்பு ஆசையாக வாங்கிய பெங்கால் பூனை! குழாயின் கைப்பிடியைத் தட்டித் திறக்கத் தானே கற்றுக்கொண்டு, தண்ணீரில் கைவிட்டு விளையாடியிருக்கிறது. பூனைக்குத் தண்ணீர் ஆகாது என்று பாட்டி சொன்னதெல்லாம் இந்த ஜாதியிடம் செல்லாது.

பெங்கால் என்றதும் ரசகுல்லா தின்னும் கல்கத்தாப் பூனை என்று நினைத்துவிடாதீர்கள். அசல் அமெரிக்கத் தயாரிப்பு! நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் திரிகிறதே சிறுத்தைப் பூனை, அதன் விஞ்ஞானப் பெயரில் 'பெங்காலென்சிஸ்' என்று வரும். அதிலிருந்து வந்த பெயர். அந்தக் காட்டுப் பூனையையும் வீட்டுப் பூனையையும் 1960-களில் ஜோடி சேர்த்துப் பார்த்தவர் ஜீன் மில் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1980-களில் மறுபடி மும்முரமானார். டெல்லி மிருகக்காட்சிசாலையில் காண்டாமிருகத்தின் இடத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு புள்ளிப் பூனைக்கும் அடித்தது யோகம். அமெரிக்கா போய் இந்த வம்சத்துக்கே மாப்பிள்ளையாகிவிட்டது! விசா க்யூவில் நிற்பவர்கள் பெருமூச்சு விட வேண்டாம்.

காட்டு ரத்தத்திலிருந்து நாலு தலைமுறையாவது தள்ளிப் பிறந்ததைத்தான் வீட்டுக்கு ஏற்றது என்கிறார்கள். அப்படியும் நியூயார்க் நகரத்திலும் ஹவாய் மாநிலத்திலும் இதை வளர்க்கத் தடை.

நண்பன் கதைக்கு வருவோம். புருஷன், பெண்டாட்டி இருவரும் ஆபீஸ். காலை எட்டுக்குப் போனால் ராத்திரி எட்டு. பூனை தனியாகக் கிடந்து கத்த, பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்தார். இஸ்திரி போட்ட சட்டை, சோபா என்று ஒன்று விடாமல் 'அபிஷேகம்' வேறு.

"முடியலைடா, யாருக்காவது கொடுத்துடப் போறேன்" என்றான். குரல் கம்மியிருந்தது. இப்படிக் கைவிடப்பட்டுக் காப்பகத்துக்குப் போகிற பெங்கால்கள் அங்கே நிறைய.

கடைசி முயற்சியாக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். அவர் பரிசோதித்துவிட்டு, "உடம்புக்கு ஒன்றுமில்லை, போர் அடிக்கிறது" என்றாராம். கருத்தடை ஆபரேஷன் ஆயிற்று. சுவரில் ஏறி உட்காரப் பலகைகள், ஓடுவதற்கென்றே ஒரு பெரிய சக்கரம், காலையும் மாலையும் அரை மணி நேரம் கூடவே விளையாட்டு. இரண்டு மாதத்தில் கத்தல் அடங்கியது. சட்டைகளும் தப்பித்தன.

நம்ம ஊரிலும் இந்தப் பூனை இப்போது ஆயிரக்கணக்கில் விலை போகிறது. பி.காம். படித்தவன் சொல்கிறேன், கேளுங்கள் பிரம்மச்சாரிகளே! பூனையின் விலைதான் பணத்தில். மாதாமாதம் கட்ட வேண்டிய தவணை, உங்கள் நேரத்தில். அந்த பாலன்ஸ் இல்லாவிட்டால் படத்தை மட்டும் பார்த்து ரசியுங்கள்.

போன வாரம் நண்பனின் மனைவி பேசினார். "பூனை எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்குண்ணா. ஆறு வருஷமா நான் சொல்லிக் கேட்காதவர், இப்போ ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடறார்!"