பாம்பச்சம்: இயற்கையும் சமுதாயமும்

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது எம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. படைக்கலந் தாங்கியோரையும் நடுங்கவைக்கும் இவ்வச்சம் எங்கிருந்து வருகின்றது? அது மனிதனுடன் கூடப்பிறந்ததா, அன்றி அவன் வாழும் சமுதாயம் அவனுக்குக் கற்பித்ததா? இவ்வினா உளவியலாளருக்கு மாத்திரம் உரியதன்று. ஓர் அச்சத்தை இயற்கையானதென்று கொள்வோமாயின், அதனை மாற்றவியலாததென ஏற்றுக்கொள்கின்றோம். அறியாமையின் விளைவென்று கொள்வோமாயின், அஞ்சுவோனை இகழ்வதோடு அமைந்துவிடுகின்றோம். இவ்விரு முடிவுகளும் முழு உண்மையைத் தாரா என்பதையும், இவற்றிற்கு அப்பால் நாம் நோக்கவேண்டிய பிறிதொன்று உண்டு என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாள்ஸ் டார்வின், மனிதரதும் விலங்குகளதும் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி 1872 இல் வெளியிட்ட நூலிலே, தம்மீது தாமே நடத்திய சிறு சோதனையொன்றைக் கூறுகின்றார். இலண்டன் மிருகக்காட்சிசாலையில் தடித்த கண்ணாடியின் பின்னே ஆபிரிக்க விரியன் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அது கொத்த வரினும் பின்வாங்குவதில்லை என்ற உறுதியுடன் அவர் தம் முகத்தைக் கண்ணாடிக்கு அண்மையிற் கொண்டுசென்றார். பாம்பு கொத்தியதும் அவ்வுறுதி பயனற்றுப் போயிற்று. ஓரிரு யார் தூரம் அவர் பின்னே பாய்ந்துவிட்டார். அத்தகைய ஆபத்தை அவர் அதற்குமுன் ஒருபோதும் அனுபவித்தவரல்லர். எனினும், முகத்தை நோக்கி விரைந்துவரும் எப்பொருளைக் கண்டும் நாம் பின்வாங்கவே செய்வோம். ஆதலின், பாம்பச்சம் பிறவியிலேயே அமைந்தது என்பதை நிறுவ இச்சோதனை மாத்திரம் போதுமானதன்று.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுச்சிபெற்ற நடத்தைவாதிகள் இதற்கு மறுதலையான நிலையினை மேற்கொண்டனர். அமெரிக்க உளவியலாளரான யோன் வட்சனும் றொசாலி றெய்னரும் 1920 இல் தமது பிரசித்திபெற்ற ஆய்வை வெளியிட்டனர். வெள்ளெலிக்கு அஞ்சாதிருந்த பதினொரு மாதக் குழந்தையொன்று எலியைத் தொட முற்படுகையில், அதன் பின்னால் உருக்குச் சட்டமொன்றைச் சுத்தியலால் அடித்துப் பேரொலி எழுப்பினர். இவ்வாறு சில தடவைகள் செய்தபின், எலியைக் கண்ட மாத்திரத்தே குழந்தை அழத் தொடங்கியது. முயலைக் கண்டும் நாயைக் கண்டும் அஞ்சிற்று. இன்றைய ஆய்வுநெறி இதுபோன்றதொரு பரிசோதனையை அனுமதியாது. எனினும், அச்சங்களிற் பெரும்பாலானவை கற்கப்பட்டவையே என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

ஆயின் இக்கருத்திலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. அச்சம் முற்றிலும் அனுபவத்தாற் கற்கப்படுவதாயின், இன்றைய நகரவாசி மோட்டார் வாகனத்துக்கும் மின்கம்பிக்குமே பெரிதும் அஞ்சுதல் வேண்டும். அவனோ, தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் நேரிற் கண்டிராத பாம்புக்கு அஞ்சுகின்றான். மாட்டின் செலிக்மன் 1971 இல் இவ்விடர்ப்பாட்டுக்கு ஒரு விடை கூறினார். உயிரினங்கள் எல்லா அச்சங்களையும் ஒரேயளவு எளிதாகக் கற்பதில்லை. தம் முன்னோருக்கு நீண்டகாலம் ஆபத்தாயிருந்தவற்றின் மீதான அச்சத்தை விரைவிற் கற்கும் ஆயத்தத்துடன் அவை பிறக்கின்றன என்பதே அவ்விடை.

இக்கருத்தைப் பரிசோதனை வாயிலாக ஆராய்ந்தோருள் சூசன் மினேக்காவும் மைக்கல் குக்கும் குறிப்பிடத்தக்கவர்கள். ஆய்வுகூடத்திற் பிறந்து வளர்ந்த றீசஸ் குரங்குகள் பாம்பைக் கண்டு பொதுவாக அஞ்சவில்லை. காட்டில் வளர்ந்தவையோ அஞ்சின. ஆனால், காட்டுக் குரங்கு பாம்பைக் கண்டு அஞ்சுவதை ஆய்வுகூடக் குரங்கு சிறிது நேரம் பார்த்தமையே அதுவும் அஞ்சத் தொடங்குவதற்குப் போதுமாயிருந்தது. 1989 இல் வெளியான ஆய்வில், படச்சுருளை மாற்றியமைத்து, பூக்களைக் கண்டு குரங்கு அஞ்சுவது போலக் காட்டினர். பார்த்த குரங்குகள் பூவுக்கு அஞ்சக் கற்கவில்லை. விளையாட்டுப் பாம்புக்கே அஞ்சக் கற்றன. இவர்களது மற்றுமொரு முடிவு எமது நோக்கிற் சிறப்பாகக் கருதற்பாலது. பாம்புக்கு அஞ்சாத குரங்கொன்றை முன்னரே பார்த்துப் பழகிய குரங்குகள் பல, பின்னர் அஞ்சும் குரங்கைப் பார்த்தபோதும் அவ்வச்சத்தைப் பெறவில்லை. அச்சம் மட்டுமன்றி, அஞ்சாமையும் பிறரைப் பார்த்தே கற்கப்படுகின்றது.

மனிதக் குழந்தைகளை ஆராய்ந்தோரும் இதனையொத்த முடிவுகளையே பெற்றுள்ளனர். பாம்பின் அசையும் படத்தைத் தனியே காட்டியபோது குழந்தைகள் அஞ்சவில்லை. அச்சந்தொனிக்கும் குரலுடன் சேர்த்துக் காட்டியபோது, அதனைக் கூடிய நேரம் உற்றுநோக்கின என்று யூடி டீலோச்சும் வனெசா லோபியுவும் 2009 இல் அறிவித்தனர். பூக்களின் படங்களிடையே உள்ள பாம்பின் படத்தை, பாம்புகளிடையே உள்ள பூவின் படத்தினும் விரைவாக நாம் கண்டுகொள்கின்றோம் என்பதும் பல ஆய்வுகளிற் காணப்பட்டது. குரங்கினத்தின் பார்வைத் திறனின் கூர்ப்பிற் பாம்புகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்ற கருதுகோளை லின் இஸ்பெல் 2006 இல் முன்வைத்தார். அது இன்றும் விவாதத்துக்குரியதே. ஆயினும், இயற்கை எமக்கு அளித்தது பாம்பை விரைவிற் கண்டுகொள்ளும் கண்ணையும், அதற்கு அஞ்ச எளிதிற் கற்கும் ஆயத்தத்தையுமே. முழுமைபெற்ற அச்சத்தை அன்று என்ற அளவிற் பெரும்பாலான ஆய்வுகள் ஒத்துப்போகின்றன.

கயிற்றைப் பாம்பென மயங்குதலை வேதாந்திகள் அறியாமைக்கு உதாரணமாகக் காட்டுவர். கூர்ப்பின் நோக்கில் இம்மயக்கம் பொருளற்றதன்று. கயிற்றைப் பாம்பென்று எண்ணியவன் ஒருகணம் திடுக்கிடுவதோடு தப்பிவிடுகின்றான். பாம்பைக் கயிறென்று எண்ணியவன் உயிரையே இழக்கின்றான்.

இவ்வாயத்தத்துக்கு உள்ளடக்கம் வழங்குவது சமுதாயமாகும். நயினாதீவில் நாகபூசணி அம்மனையும் புளியம்பொக்கணையில் நாகதம்பிரானையும் வழிபடும் எம்மவர், நாகபாம்பை நல்லபாம்பு என்றே அழைப்பர். அதனைக் கொல்லத் தயங்குவர். புத்தருக்குக் குடையாக நின்ற நாகத்தைப் போற்றும் சிங்கள மக்களிடையேயும் இத்தயக்கம் உண்டு. அதேவேளை, எவருக்கும் தீங்கு செய்யாத, எலிகளை உண்டு வயலைக் காக்கும் பாம்புகள் பல கண்ட இடத்திலேயே அடித்துக் கொல்லப்படுகின்றன. கொடிய நஞ்சுடையது பிழைக்கின்றது; நஞ்சற்றது மாள்கின்றது. எமது அச்சம் நஞ்சின் அளவை ஒட்டி அமைவதாயின் இது நிகழாது.

பாம்புடன் ஒருசேர வெறுக்கப்படும் கரப்பான், புழு, பல்லி முதலியவற்றிற் பெரும்பாலும் தொழிற்படுவது அச்சமன்று, அருவருப்பேயாகும். அருவருப்புக்குத் தொற்றும் இயல்பு உண்டு. கிருமிநீக்கம் செய்யப்பட்ட இறந்த கரப்பானொன்றைத் தோய்த்தெடுத்த பழச்சாற்றை மக்கள் அருந்த மறுத்தனர் என்பதைப் போல் றொசினும் சகாக்களும் 1986 இல் காட்டினர். நோயினின்று எம்மைக் காக்கும் இவ்வுணர்வை மனிதர்மீது திருப்பிவிடவும் சமுதாயத்தால் இயலும். தேநீர்க்கடையில் ஒருசாராருக்கு வேறு குவளை வைத்ததும், கிணற்றையும் கோயில் வாயிலையும் மறுத்ததும் இத்தொற்றுத் தர்க்கத்தின் வழிவந்தவையே. 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திற் போராடியோர் எதிர்த்தது அதனையே. 1994 இல் றுவாண்டாவில், கொல்லப்படவிருந்த மக்களை வானொலி கரப்பான்கள் என்றே குறிப்பிட்டது. எதனை அருவருப்பது என்பதைக் கற்பிக்கும் அதிகாரம் எத்துணைக் கொடிய ஆயுதமாக மாறவல்லது என்பதற்கு இவை சான்றாகும்.

இனி, ஆபத்தினை நோக்குவோம். பாம்புக்கு அஞ்சுவோர் எங்குமுளர். பாம்பால் இறப்போர் எங்குமிலர். உலகில் ஆண்டுதோறும் 81,000 முதல் 138,000 பேர் வரை பாம்புக்கடியால் இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இலங்கையில் வீடுவீடாக நடத்தப்பெற்று 2016 இல் வெளியான ஆய்வின்படி, ஓராண்டில் 80,000 இற்கு மேற்பட்டோர் கடிபடுகின்றனர். ஏறத்தாழ 30,000 பேருக்கு நஞ்சேறுகின்றது. 400 இற்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். வைத்தியசாலைப் பதிவேடுகள் காட்டுந் தொகை இதனிலும் குறைவு.

இவர்கள் யாவர்? கண்ணாடி விரியன் நெல்வயலில் வெறுங்காலுடன் நிற்பவனின் காலிற் கடிக்கின்றது. கட்டுவிரியன் இரவில் வீட்டினுட் புகுந்து, நிலத்திற் பாய் விரித்துத் துயில்வோரைக் கடிக்கின்றது. அக்கடியில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இல்லாமையால், மூச்சுத்தசைகள் செயலிழக்கும்வரை கடிபட்டதை அறியாதோரும் உளர். கட்டிலிற் படுப்பவனும், நுளம்பு வலையினுள் உறங்குபவனும் இவ்வாபத்தினின்று பெரிதும் விலகியே வாழ்கின்றான். ஆகவே, பாம்புக்கடி உழைப்போடும் வறுமையோடும் பிணைந்த ஒரு தொழில்சார் நோய் எனல் பொருந்தும்.

மருந்தின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. விஷமுறிவு மருந்து 1890களிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. எனினும், நச்சுப் பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் பட்டியலில் முதன்மையாகச் சேர்த்தது 2017 இலேயே. ஆபிரிக்கப் பாம்புகளின் நஞ்சுக்கெதிரான மருந்தொன்றின் உற்பத்தியைப் பிரான்சியக் கம்பனியொன்று 2014 இல் நிறுத்திவிட்டது. வாங்குவோரிடம் பணமில்லாத மருந்துக்குச் சந்தையில் இடமில்லை. எமது அரசாங்க வைத்தியசாலைகளில் இம்மருந்து இலவசமாக வழங்கப்படுவது பெரும்பேறேயாகும். ஆயினும் அது இந்தியப் பாம்புகளின் நஞ்சைக்கொண்டு இந்தியாவில் ஆக்கப்படுவது. எமது நாட்டிற் பலரைக் கடிக்கும் குழிவிரியன்களின் நஞ்சுக்கு அது பயன்படுவதில்லை.

அந்நஞ்சிற் பெரும்பகுதியை எடுத்துக்கொடுப்போர் சென்னைக்கு அண்மையில் வாழும் இருளர் என்னும் பழங்குடியினராவர். பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த இவர்கள், 1970களில் அவ்வணிகம் தடைசெய்யப்பட்டபோது பிழைப்பிழந்தனர். 1978 இல் கூட்டுறவுச் சங்கமொன்றை நிறுவி, பாம்பைப் பிடித்து நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விடலாயினர். இருளரின் பிள்ளைகளும் ஏனையோரைப் போன்றே பாம்பை விரைவிற் கண்டுகொள்ளும் கண்ணுடன் பிறப்பவர்கள்தாம். தந்தையும் தாயும் பாம்பைக் கையாள்வதைக் கண்டு வளர்வதால், அக்கண் அவர்களிடத்து நடுக்கத்துக்கன்றி நுட்பமான அறிவுக்கு வழிகோலுகின்றது.

ஆகவே, பாம்புக்கு அஞ்சாதே என்று விவசாயிக்கு உபதேசிப்பதால் விளையும் பயன் சிறிது. வரப்பில் இரவில் நடப்பவனது அச்சம் மூடநம்பிக்கையன்று. அவனது வாழ்நிலை பற்றிய சரியான கணிப்பாகும். அவனுக்கு வேண்டியவை காலணியும் கைவிளக்கும் கட்டிலும் வலையும், இரவிலும் சென்றடையத்தக்க வைத்தியசாலையும், எமது நாட்டுப் பாம்புகளின் நஞ்சை முறிக்கும் மருந்துமாகும். நஞ்சுள்ளதை நஞ்சற்றதினின்று பிரித்தறியும் கல்வி எமது பாடசாலைகளில் இடம்பெறுதல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடி மரணங்களையும் அங்கவீனங்களையும் 2030 ஆம் ஆண்டளவிற் பாதியாகக் குறைக்க 2019 இல் திட்டமிட்டது. அதனை எய்துதல் மக்களின் மனத்தை மாற்றுவதில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. அவர்கள் உழைக்கும் வயலையும் உறங்கும் இல்லத்தையும் மாற்றுவதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.