குண்டு மழைக்கு நடுவே மதியக் கச்சேரி!

1939-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந்தேதி, ஜெர்மனி மீது பிரிட்டன் போர்ப் பிரகடனம் செய்தது. லண்டன் மாநகரில் நாடகக் கொட்டகைகள், சினிமா கொட்டகைகள், கச்சேரி மண்டபங்கள் எல்லாம் மூடப்பட்டன. கூட்டம் கூடிய இடத்தில் ஒரு குண்டு விழுந்தால் நூற்றுக்கணக்கானவர்கள் மடிவார்களே என்று அரசாங்கம் அஞ்சியது. இரவில் தெருவிளக்கும் கிடையாது. ஊரே இருண்டு கிடந்தது.

சினிமா கொட்டகைகள் சீக்கிரமே திறந்துவிட்டன. நல்ல சங்கீதத்துக்குத்தான் வழி இல்லை.

வீட்டில் பிள்ளைகள் இல்லை. குண்டு வீச்சுக்குப் பயந்து கிராமங்களுக்கு அனுப்பியாகிவிட்டது. மகன் பட்டாளத்தில். ஆபீசில் டைப் அடிக்கும் பெண்ணுக்கும், கடைச் சிப்பந்திக்கும், விடுமுறையில் வந்த சிப்பாய்க்கும் மனதைத் தேற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தைத் தேடிக் கொடுத்தவர் ஒரு பெண்மணி. பெயர் மைரா ஹெஸ். பியானோ வாசிப்பதில் உலகப் புகழ் பெற்றவர். அப்போது அவருக்கு வயது 49. அமெரிக்காவில் கச்சேரி செய்யப் போவதாக இருந்தார். அதை ரத்து செய்துவிட்டு லண்டனிலேயே தங்கினார்.

படம் இல்லாத மாளிகை

லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் தேசிய ஓவியக் கூடம் இருக்கிறது. போர் வரப் போகிறது என்று தெரிந்ததுமே, அங்கிருந்த விலை மதிப்பற்ற ஓவியங்களை வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு 1941-ல், வேல்ஸ் நாட்டு மலை ஒன்றில் இருந்த கல் சுரங்கத்தில் அவை பத்திரமாக வைக்கப்பட்டன. லண்டனில் மிஞ்சியது வெறும் சுவரும், காலிச் சட்டங்களும்தான்.

"இந்தக் காலிக் கூடத்தில் அவ்வப்போது கச்சேரி நடத்தலாமா?" என்ற யோசனையோடு கூடத்தின் தலைவர் கென்னத் கிளார்க்கிடம் போனார் மைரா ஹெஸ். அவ்வப்போது என்ன, தினமுமே நடத்தலாம் என்றார் கிளார்க்! இரவில் நடமாட முடியாத காலம் ஆகையால், பகல் சாப்பாட்டு வேளை குறிக்கப்பட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை, மணி 1-க்குக் கச்சேரி.

கட்டணம் ஒரு ஷில்லிங். அந்நாளில் நம் ரூபாய்க் கணக்கில் ஏறக்குறைய 10½ அணா.

1939 அக்டோபர் 10-ந்தேதி முதல் கச்சேரி. ஐம்பது பேர் வந்தால் பெரிது என்று நினைத்தார்கள். சுமார் ஆயிரம் பேர் திரண்டுவிட்டார்கள்! நாற்காலி கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். அன்று மைரா ஹெஸ் தாமே வாசித்தார்.

அறைக்குள் இருந்த இசை

மேல்நாட்டில் நூறு பேர் சேர்ந்து வாசிக்கும் பெரிய வாத்தியக் கோஷ்டி உண்டு. இரண்டு பேர், மூன்று பேர், நாலு பேர் மட்டும் உட்கார்ந்து வாசிக்கும் சிறு கச்சேரியும் உண்டு. அந்தக் காலத்தில் பிரபுக்களின் மாளிகை அறைகளில் நடந்ததால், இதற்கு "அறை இசை" என்று பெயர். நம் ஊரில் வீட்டுக் கூடத்தில் வீணையும் மிருதங்கமும் மட்டும் வைத்து நடக்கும் கச்சேரி மாதிரி. ஒலிபெருக்கி தேவை இல்லை. பிற்காலத்தில் இந்த இசை மண்டபங்களுக்கு வந்தது. ஆனாலும் டிக்கெட் விலையைக் கேட்டும், பெரிய மனிதர்களின் உடுப்பைப் பார்த்தும் வாசலோடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

ஓவியக் கூடத்தில் அந்தத் தொல்லை இல்லை. கையில் ரொட்டியோடு வரலாம். அங்கேயே சிற்றுண்டிச் சாலையும் இருந்தது. தொண்டர்கள் நடத்தினார்கள். தேனும் திராட்சையும் வைத்த ரொட்டிக்கு ஏக கிராக்கி! இசைக்காக வந்தவர் பாதி, ரொட்டிக்காக வந்தவர் பாதி என்று சொன்னாலும் தப்பில்லை. எதற்காக வந்தால் என்ன? காதில் விழுந்தது பீத்தோவன் இசை அல்லவா?

"பாமர மக்களுக்கு இது போதும்" என்று லேசான பாட்டுகளை வாசித்துவிட்டுப் போகவில்லை என்பது முக்கியம். மிக உயர்ந்த இசையையே கொடுத்தார்கள். பாஹ், பீத்தோவன், பிராம்ஸ் ஆகியோர் ஜெர்மானியர்கள். தலைக்கு மேலே ஜெர்மன் விமானம். கூடத்துக்குள் ஜெர்மன் இசை! அதை யாரும் தடுக்கவில்லை.

குண்டு வெடித்தது!

1940 செப்டம்பரில் லண்டன் மீது குண்டு மழை பொழிய ஆரம்பித்தது. கூடத்தின் மேற்கூரை கண்ணாடி. ஆகவே கச்சேரி நிலவறைக்கு மாறியது. இடம் நெருக்கடி, குளிர் வேறு. பல மாதம் அங்கேதான் நடந்தது.

அக்டோபர் மாதத்தில் கூடத்தின் மீதே குண்டு விழுந்து ஓர் அறை நாசமாயிற்று. இன்னொரு நாள், வெடிக்காத குண்டு ஒன்று கட்டிடத்துக்குள் கிடப்பது தெரிந்தது. கச்சேரியைத் தூரத்து அறைக்கு மாற்றினார்கள். நாலு பேர் கொண்ட குழு, பீத்தோவன் இசையை வாசித்துக்கொண்டிருந்தது. திடீரென்று "டமார்" என்று குண்டு வெடித்தது. வாசித்தவர்களுக்குத் தாளம் தப்பவில்லை!

வாசிக்க வந்தவர்கள் பிரபலமானவரானாலும் புதியவரானாலும் ஒரே சம்பளம். மைரா ஹெஸ் மட்டும் ஒரு காசும் வாங்கவில்லை. மீதப் பணம், நலிந்த இசைக் கலைஞர்களின் உதவி நிதிக்குப் போயிற்று. 1941-ல் அவருக்கு "டேம்" பட்டம் கிடைத்தது. ஆண்களுக்கு "சர்" பட்டம் போன்றது அது.

லண்டனோடு இது நிற்கவில்லை. 1940-ல் பிரிட்டனில் ஏற்பட்ட கலை வளர்ச்சிக் குழு ஒன்று, வாத்தியக்காரர்களை ஆலைகளுக்கும் கிராமங்களுக்கும் அனுப்பியது. போருக்குப் பின் அந்தக் குழுவே கலை மன்றமாக மாறியது.

கடைசி நாள்

போர் முடிந்தது. ஓவியங்கள் திரும்பி வந்தன; அவற்றுக்கு இடம் வேண்டும். கச்சேரி தொடர வேண்டும் என்று மைரா ஹெஸ் எவ்வளவோ விரும்பினார், நடக்கவில்லை. அவருக்கு அது பெரிய மனக்குறை. 1946 ஏப்ரல் 10-ந்தேதி கடைசிக் கச்சேரி நடந்தது.

ஆறரை ஆண்டில் மொத்தம் 1,698 கச்சேரிகள். கேட்டவர்கள் 8,24,152 பேர்.

மைரா ஹெஸ் 1965-ல் காலமானார். 1977-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், அவர் பெயரால் மதியக் கச்சேரிகள் தொடங்கப்பட்டன. அங்கே ஒரு ஷில்லிங்கும் கேட்கவில்லை; அனுமதி இலவசம்.