எடுத்து வைத்ததை மட்டும் கொண்டு வா: திரைவாசிப்பானுக்கு ஒரு குறுக்குவிசை

கோவிலூரில் ஒரு விசேஷ வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியை ஒட்டிய ஊர். கொற்றவாளீசர் கோயிலும், தமிழிலேயே வேதாந்தம் பயிற்றுவித்த மடாலயமும் ஊருக்கு அடையாளம். செட்டிநாட்டு வீட்டில் முகப்பைத் தாண்டினால் வளவு, அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் அடுப்படி. பந்தி முன்கட்டில் நடக்கிறது, சமையல் பின்கட்டில் நடக்கிறது. இலைமுன் அமர்ந்திருப்பவருக்கு அடுப்பு கண்ணில் படாது. படவேண்டிய அவசியமும் இல்லை. பரிமாறுகிறவர் நடுவில் போய் வருகிறார், கேட்டது இலைக்கு வந்துவிடுகிறது.

பார்வையற்ற ஒருவர் கணினியில் வேலை செய்வதும் இந்த ஏற்பாட்டில்தான். வேர்ட், குரோம், நோட்பேட் போன்ற செயலிகள் பின்கட்டு அடுப்படி. ஸ்க்ரீன் ரீடர் என்று புழங்கும் திரைவாசிப்பான்தான் பரிமாறுகிறவர். திரையில் உள்ளதை அடுப்படியில் கேட்டு வாங்கி, குரலாகவோ பிரெயில் புள்ளிகளாகவோ கொண்டுவந்து தருகிறார்.

இந்தக் கட்டுரையின் கேள்வி ஒன்றுதான். நீண்ட ஆவணத்தில் நான்கு வரியை மட்டும் செலக்ட் செய்திருக்கிறீர்கள். ஒரே விசையில் அந்த நான்கு வரி மட்டும், வேண்டிய வடிவில் உங்களிடம் வர வேண்டும். அதற்குத் திரைவாசிப்பானை எப்படிப் பழக்குவது?

பரிமாறுகிறவர் யார்?

விண்டோஸில் இரண்டு திரைவாசிப்பான்கள் பரவலாகப் புழங்குகின்றன. ஒன்று ஜாஸ். விபத்தில் பார்வை இழந்த அமெரிக்கர் டெட் ஹென்டர் தொடங்கிய நிறுவனம், 1989-ல் டாஸ் கணினிக்காக அதை வெளியிட்டது. பின்னர் விண்டோஸுக்கும் வந்தது. விலை கொடுத்து வாங்க வேண்டும். மற்றது என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-ல் எழுதத் தொடங்கினார், பின்னர் ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள். அது இலவசம், மூலநிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பெரும்பகுதி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. உடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் படிக்கும்.

இரண்டுக்கும் நம் விருப்பப்படி புதிய கட்டளை எழுதிச் சேர்க்கலாம். ஜாஸுக்கென்றே தனி ஸ்கிரிப்ட் மொழி இருக்கிறது. தேர்ந்தெடுத்த உரையை எடுத்துத் தர அதில் 'கெட் செலக்டட் டெக்ஸ்ட்' என்று ஆயத்தக் கட்டளையே உண்டு. செலவில்லாமல் எவரும் இன்றே தொடங்கலாம் என்பதால், இங்கே என்விடிஏ வழியை விளக்குகிறேன்.

இருப்பதே போதாதா?

செலக்ட் செய்ததைப் படிக்க என்விடிஏவில் ஏற்கெனவே ஒரு விசை உண்டு. என்விடிஏ விசையையும் ஷிப்டையும் பிடித்துக்கொண்டு மேல் அம்புக்குறியை அழுத்த வேண்டும். மடிக்கணினி அமைப்பில் மேல் அம்புக்குறிக்குப் பதில் எஸ். வழக்கமாக இன்சர்ட் விசைதான் என்விடிஏ விசை. கேப்ஸ் லாக்கையும் அப்படி வைத்துக்கொள்ளலாம்.

காதால் கேட்க மட்டும் என்றால் அதுவே போதும். படிக்கிறவருக்குத் தேவை அதோடு நிற்பதில்லை. ஒரு மாணவர் எடுத்த பத்தியைக் குறிப்புக் கோப்பில் சேர்க்க விரும்புவார். மெய்ப்புத் திருத்துபவர் எழுத்தெழுத்தாகக் கேட்க விரும்புவார். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணம் கைக்கு வந்தவர், அதை யூனிகோடுக்கு மாற்றிக் கேட்க விரும்புவார். இவற்றைச் செய்யத்தான் ஸ்கிரிப்ட்.

விசையை அழுத்தியதும் நடப்பது என்ன?

என்விடிஏ, ஷிப்ட், ஈ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துவதை நம் குறுக்குவிசையாக வைத்துக்கொள்வோம். அழுத்திய கணத்துக்கும் குரல் கேட்கும் கணத்துக்கும் இடையில் ஐந்து வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, குரல் கொடுத்தது காதில் விழுவது. பந்தியிலிருந்து கூப்பிட்டால் முதலில் திரும்புகிறவர் பரிமாறுகிறவர்தான். அதுபோல நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையும் செயலிக்குப் போகும் முன்பு என்விடிஏவின் கையில் வருகிறது. தனக்கான கட்டளை என்றால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் அப்படியே உள்ளே விட்டுவிடும்.

இரண்டாவது, இது யாருக்கான கட்டளை என்று தேடுவது. எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக நாம் எழுதிவைத்த குளோபல் ப்ளக்இன்னில் முதலில் பார்க்கும். பிறகு அந்தச் செயலிக்கென்று எழுதிய பகுதியில் பார்க்கும். என்விடிஏவின் சொந்தப் பொதுக் கட்டளைகள் கடைசியில்தான் வரும். வீட்டுக்காரர் சொல்லிவைத்ததற்கு முதல் மரியாதை, வழக்கமான முறை அதன் பிறகு. அதனால்தான் நாம் எழுதிய கட்டளை செல்லுபடியாகிறது.

மூன்றாவது, எந்த அடுப்பு எரிகிறது என்று பார்ப்பது. ஒரே நேரத்தில் ஐந்து சாளரங்கள் திறந்திருக்கலாம். ஆனால் விசைப்பலகை எந்த இடத்தோடு பேசிக்கொண்டிருக்கிறதோ அந்த ஒன்றுதான் ஃபோகஸ். 'கெட் ஃபோகஸ் ஆப்ஜெக்ட்' என்ற கட்டளை அதைக் கொடுக்கும்.

நான்காவது, எடுத்து வைத்ததைக் கேட்பது. நம் வேலையின் உயிர் இதுதான். ஃபோகஸில் உள்ள பொருளிடம், 'செலக்ட் ஆன இடத்துக்கான உரைத்தகவலைக் கொடு' என்று கேட்கிறோம். செயலியைத் தயாரித்தவர்கள் அணுகல்தன்மைக்கான இடைமுகத்தை முறையாக வைத்திருந்தால், உரை சுத்தமாகக் கைக்கு வரும். விண்டோஸில் இதற்கு எம்எஸ்ஏஏ, யூஐஏ, ஐஅக்சஸிபிள்2 என்று சில முறைகள் இருக்கின்றன. அடுப்படிக்குள் எந்த முறையில் கேட்பது என்பதை என்விடிஏ பார்த்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் ஒரே கேள்வியைக் கேட்டால் போதும்.

ஐந்தாவது, வெறுங்கிண்ணமா என்று பார்ப்பது. எதுவும் செலக்ட் ஆகாதபோதும் பதில் வரும். அதன் தொடக்கமும் முடிவும் ஒரே இடத்தில் இருக்கும். அப்போது 'எதுவும் தேர்ந்தெடுக்கவில்லை' என்று சொல்லச் செய்ய வேண்டும். சில பொருள்களிடம் கேட்டால் பதிலுக்குப் பிழைதான் வரும். அந்தப் பிழையையும் பிடித்து அதே வாக்கியத்தைச் சொல்லவைக்க வேண்டும். மௌனம்தான் கூடாது. கண்ணால் பார்க்க முடியாதவருக்கு, கட்டளை தவறியதா, கணினி நின்றுவிட்டதா, உரையே இல்லையா என்பது மௌனத்திலிருந்து தெரியாது.

வலைப்பக்கத்தில் ஒரு மாற்றம்

இணையப் பக்கங்களில் பரிமாறுகிறவர் இன்னொரு வேலையும் செய்கிறார். பக்கம் முழுவதையும் வாங்கிவந்து, இரண்டாங்கட்டில் தன் கணக்கில் ஒரு படி இறக்கிவைத்துக்கொள்கிறார். பக்கத்தைப் படித்துக்கொண்டே போகும் உலாவு நிலையில் நீங்கள் அம்புக்குறியால் நகர்வது அந்தப் படியின் மேல்தான். ஷிப்டைப் பிடித்து நீங்கள் செலக்ட் செய்வதும் வழக்கமாக அங்கேதான். உலாவிக்கு அது தெரியாது.

எனவே ஃபோகஸில் உள்ள பொருளிடம் நேராகக் கேட்டால் விடை வராமல் போகும். 'ட்ரீ இன்டர்செப்டர்' என்ற பெயரில் அந்தப் படி இருக்கிறதா, உலாவு நிலையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் அதனிடம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபோகஸிடம். வேர்டில் வேலை செய்யும் ஸ்கிரிப்ட் குரோமில் ஊமையாகிவிட்டால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கன்ட்ரோல் சி ஏன் வேண்டாம்?

செலக்ட் செய்ததை எடுக்க கன்ட்ரோல் சி அழுத்தி, கிளிப்போர்டைப் படித்துவிடலாமே என்று தோன்றும். கிளிப்போர்டு என்பது வீட்டில் உள்ள ஒரே தூக்குவாளி. அதில் ஏற்கெனவே பாயசம் இருந்தால், மண்டிக் குழம்பை ஊற்றியதும் பாயசம் போய்விடும். முன்பு நகலெடுத்து வைத்த முகவரியோ எண்ணோ இப்படித்தான் அழிகிறது. கட்டளைச் சாளரங்களில் ஆபத்து இன்னும் பெரிது. எதுவும் செலக்ட் ஆகாமல் இருந்தால், அங்கே கன்ட்ரோல் சி ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே நிறுத்திவிடும்.

அடுப்படியில் நேராகக் கேட்டு வாங்குவது இந்த இரண்டையும் தவிர்க்கிறது. கிளிப்போர்டு தொடப்படுவதில்லை, செயலிக்கும் எந்த விசையும் போவதில்லை. இலைக்கு வந்தபின், நீங்கள் விரும்பினால் மட்டும், 'காப்பி டு கிளிப்' கட்டளையால் அதில் வைக்கலாம்.

எழுதும் முறை

என்விடிஏ அமைப்புகளில் 'மேம்பட்டவை' பகுதிக்குப் போய், ஸ்க்ராட்ச்பேட் அடைவிலிருந்து நிரல்களை ஏற்றும் தெரிவை இயக்குங்கள். அந்த அடைவைத் திறக்க அங்கேயே பொத்தான் இருக்கிறது. அதற்குள் உள்ள 'குளோபல்ப்ளக்இன்ஸ்' அடைவில் ஒரு பைத்தான் கோப்பை உருவாக்குங்கள். மேலே சொன்ன வேலைகளை வரிசையாக எழுதினால் இருபது, முப்பது வரிக்குள் முடிந்துவிடும். சேமித்த பிறகு என்விடிஏ, கன்ட்ரோல், எஃப்3 அழுத்துங்கள். கணினியையோ என்விடிஏவையோ மறுபடி தொடங்காமலே புதிய கட்டளை ஏறிவிடும்.

பைத்தானில் வரியின் முன்னால் விடும் இடைவெளிக்குப் பொருள் உண்டு. வரித் தள்ளலை ஒலியாகச் சொல்லும் வசதியை ஆவண வடிவமைப்பு அமைப்பில் இயக்கிவிடுங்கள். வரி உள்ளே போகப்போகத் தொனி மாறும், பிசகு உடனே காதில் விழும். ஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் என்விடிஏ, எஃப்1 அழுத்திப் பதிவேட்டைத் திறந்தால், எந்த வரியில் என்ன பிழை என்று எழுதியிருக்கும்.

நீங்கள் தேர்ந்த விசைக்கூட்டு ஏற்கெனவே வேறு வேலைக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க, என்விடிஏவுடன் 1-ஐ அழுத்தி உள்ளீட்டு உதவியை இயக்குங்கள். பிறகு எந்த விசையை அழுத்தினாலும், வேலை நடக்காது, விளக்கம் மட்டும் வரும்.

ஒரே விசைக்கு மூன்று வேலை கொடுக்கலாம். எத்தனையாவது முறையாக அழுத்தப்பட்டது என்பதை என்விடிஏ எண்ணித் தரும். ஒருமுறை அழுத்தினால் படி, இருமுறை என்றால் எழுத்தெழுத்தாகச் சொல், மும்முறை என்றால் குறிப்புக் கோப்பின் கடைசியில் சேர். கோப்பில் சேர்க்கும்போது யூடிஎஃப்-8 குறியாக்கம் என்று சொல்லித் திறக்க வேண்டும். சொல்லாவிட்டால் தமிழ் எழுத்துகளைச் சேமிக்க முடியாமல் பிழை வரலாம்.

தமிழுக்கு வரும்போது

செலக்ட் செய்த பகுதியில் எத்தனை எழுத்து என்று சொல்லவைக்க நினைத்தால், தமிழ் தனிக் கவனம் கேட்கிறது. 'கோவிலூர்' நமக்கு நான்கு எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 8 என்று சொல்லும். க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஒவ்வொன்றும் யூனிகோடில் தனி. அந்த ஓகாரத்தையே ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகச் சேமித்திருந்தால் 9 ஆகிவிடும். பார்வைக்கு ஒரே சொல், ஆனால் தேடினால் கிடைக்காது. எனவே உரை வந்ததும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு எண்ணுங்கள். 'க்ஷ' போன்றவற்றுக்குத் தனி விதி வையுங்கள். அப்போதுதான் நான்கு என்ற சரியான விடை வரும்.

பழைய எழுத்துருக்களின் சிக்கல் இதைவிடப் பெரிது. பாமினி எழுத்துருவில் அடித்த 'கோவில்' திரையில் கோவிலாகத் தெரியும். உள்ளே இருப்பதோ என், எஃப், எச், டி, பி, ஒய், அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும், கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. நம் ஸ்கிரிப்டில் ஒரு மாற்று அட்டவணையைச் சேர்த்தால், செலக்ட் செய்த பகுதி யூனிகோடாகி ஒலிக்கும். குறிக்குக் குறி மாற்றினால் மட்டும் போதாது. பாமினியில் கொம்பு முன்னால் வரும், யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பின்னால் வர வேண்டும். அந்த வரிசையையும் திருப்பிவிட வேண்டும்.

எந்த ஸ்கிரிப்டாலும் எடுக்க முடியாதது, படமாக ஸ்கேன் செய்த பக்கம். அதில் செலக்ட் செய்ய உரையே இல்லை. முதலில் எழுத்துணரி மென்பொருளில் போட்டு உரையாக்க வேண்டும்.

அடுப்படிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அடுப்படியில் சமைத்ததைத்தான் பரிமாற முடியும்; உரையாக இருப்பதைத்தான் திரைவாசிப்பான் எடுத்துத் தர முடியும். கோவிலூருக்குப் பக்கத்து ஊரான கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகத் தமிழ் நூல்களைத் திரட்டினார். அவர் 1992-ல் மறைந்த பிறகு, அந்தத் திரட்டு 1994-ல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் இலக்கியங்களை உரையாகவே தட்டச்சு செய்து இணையத்தில் வைத்தார்கள். முதல் பணி நூல்களை அழியாமல் காத்தது. இரண்டாவது பணி, பார்வையற்ற ஒருவர் ஒரு பாடலைச் செலக்ட் செய்து கையில் எடுக்க வழிசெய்தது. தமிழுக்கு இரண்டும் வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. பதிப்பகங்களும் பத்திரிகைகளும் கல்லூரிகளும் மடங்களும் இனி வெளியிடும் ஒவ்வொரு மின்கோப்பும் யூனிகோடு உரையாக இருக்கட்டும். பழைய எழுத்துருவில் உறங்கும் கோப்புகளை மாற்றிவையுங்கள். படமாக மட்டும் ஏற்றாதீர்கள். செயலி எழுதுகிறவர்கள் செலக்ட் ஆன பகுதியை அணுகல்தன்மை இடைமுகத்தில் முறையாகத் தெரிவியுங்கள்.

திரைவாசிப்பான் பயன்படுத்தும் நண்பர்களே, இதை எழுத நீங்கள் கணினிப் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. என்விடிஏவைத் தொடங்கியவரே பார்வையற்றவர்தான். ஸ்க்ராட்ச்பேடைத் திறந்து ஒரு கோப்பை எழுதிப் பாருங்கள். உங்கள் கணினி உங்கள் சொல்லைக் கேட்கும்.